சத்துமாவுக் கஞ்சி, 100 கிராம், 385 கலோரி

ஜூன் 9, திங்கள்

மாத எடை நாள். அங்கன்வாடிக் கூரைக் கொக்கியில் தராசு, தராசில் துணிப்பை, பைக்குள் என் மகள் மித்ராஸ்ரீ. வயது பதின்மூன்று மாதம். முள் 8.2 கிலோவில் நின்றது. சாரதாமணி டீச்சர் வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்தார். பச்சைப் பட்டைக்குள்தான். ஆனால் பச்சையின் கீழ்ப் பாதியில்.

"டீச்சர், ரொம்பக் கீழ இருக்குதுங்களே?"

"பச்சைன்னா பச்சைதாங் கண்ணு. அதுல என்ன மேலு, கீழு?"

எனக்கு இது பதிலாகப் படவில்லை. பி.எஸ்ஸி. வேதியியலில் எண்பத்தோரு சதவீதம் வாங்கியவளுக்குப் பட்டையின் நிறம் போதாது, எண் வேண்டும். இன்று முதல் எல்லாவற்றையும் பதியப் போகிறேன். மித்து தூங்கி, பாத்திரம் கழுவி முடித்த பிறகுதான் இந்த நோட்டைத் தொட முடியும். கையெழுத்து கோணலாக இருந்தால் காரணம் அதுதான்.

ஜூன் 10, செவ்வாய்

உணவுக் கணக்கு பார்க்கும் செயலி என் கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு அதை வைத்துத்தான் ஆறே மாதத்தில் பதினோரு கிலோ குறைத்தேன். காலையில் பெரிய கிண்ணம் நிறைய சத்துமாவுக் கஞ்சி, பிறகு நாள் முழுவதும் அளவோடு. அதை நம்பாமல் வேறு எதை நம்புவது? தாய்ப்பால் மார்ச்சிலேயே நின்றுவிட்டது. அது வேறு விஷயம்.

மித்துவின் பெயரில் தனிப் பக்கம் திறந்தேன். நாளுக்கு 900 கலோரி என்று அதுவே இலக்கு போட்டுக்கொண்டது. கொடுக்கக் கொடுக்க ஒரு வட்டம் பச்சையாக நிறைகிறது. 900-ஐத் தாண்டினால் சிவப்பு.

"சத்துமாவு" என்று தட்டியதும் ஒரு பெரிய பட்டியல் வந்தது. எல்லாம் பயன்படுத்துகிறவர்களே எழுதிச் சேர்த்தவை. முதலில் நின்றது எனக்கும் நான் பதிந்துவந்த அதே "சத்துமாவுக் கஞ்சி (வீட்டுச் செய்முறை), 100 கிராம், 385 கலோரி". பக்கத்தில் பச்சை டிக். "388 பேர் உறுதி செய்தது." இத்தனை பேர் சொன்ன பிறகு வேறு எதைத் தேடுவது? "இந்தத் தகவல் சரியா?" என்று கேட்டது. ஆமாம் என்று தட்டினால் ஐந்து நட்சத்திரம். தட்டினேன். 389 ஆனது.

இன்று: கஞ்சி 385, மூன்று வேளைப் பால் 195, பருப்பு சாதம் 130, பாதி வாழைப்பழம் 50, இட்லி இரண்டு 120. மொத்தம் 880. வட்டத்தில் ஒரு நூல் அளவுதான் பாக்கி. கிண்ணத்தை மித்து வழித்து வழித்துக் காலி செய்தாள். நல்ல பிள்ளை.

ஜூன் 13, வெள்ளி

பச்சை. கிண்ணம் காலி.

ஜூன் 17, செவ்வாய்

பதினோரு மணிக்கு அழுகை. பல் முளைக்கிறது போல. ஈறைத் தடவிப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. ரிமோட்டைக் கடித்தாள், சீப்பைக் கடித்தாள், என் தோளைக் கடித்தாள். ஒரு மணிக்குச் சாதம் கொடுத்ததும் அழுகை நின்றது. பல் வலி சாப்பிடும்போது குறையும் என்று எங்கோ படித்த ஞாபகம்.

ஜூன் 23, திங்கள்

மித்துவின் சட்டையில் வர்க்கி பிஸ்கட்டின் தூள். வீட்டில் வர்க்கி வாங்குவதில்லை. கணவரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, வண்டில கூட்டிட்டுப் போனப்ப ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"இல்லியே."

"சட்டையில தூளா இருக்குது."

"காத்துல வந்திருக்கும்."

தனசேகர் தராசு மெக்கானிக். ரேஷன் கடை, நகைக் கடை, கறிக்கடை என்று கோயமுத்தூர் முழுக்கச் சுற்றுகிறவர். அரசாங்க முத்திரைக்குப் போகும் முன் தராசுகளைக் கல் வைத்துச் சோதித்துச் சரிசெய்து கொடுப்பது வேலை. ஐந்து கிராம் வித்தியாசத்துக்குக் கடைக்காரரோடு அரை நாள் சண்டை போடுவார். மகள் விஷயத்தில் காற்றில் வர்க்கி பறக்கிறது என்கிறார்.

உத்தேசமாக 60 கலோரி என்று பதிந்தேன். வட்டம் சிவப்பானது. இரவு இட்லியில் ஒன்றைக் குறைத்துப் பச்சைக்குக் கொண்டுவந்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

பக்கத்து போர்ஷன் ஜாஸ்மினுக்கும் செயலியைப் போட்டுக் கொடுத்தேன். அவள் மகன் ரயான் மித்துவைவிட ஒரு மாதம் பெரியவன், ஆனால் பார்த்தால் நான்கு மாதம் பெரியவன். "அளவு தெரியாம ஊட்டக் கூடாது ஜாஸ்மின், இப்பவே கட்டுப்பாடு வேணும்" என்றேன். "நீங்க படிச்சவங்க, சொன்னாச் சரிதாங்க்கா" என்றாள். ரயான் தோசை தின்றுகொண்டிருந்தான். மித்து அவன் தட்டின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றாள். தூக்கிக்கொண்டு வந்தேன். விளையாட்டுக்கு ஆள் கிடைத்ததில் அவ்வளவு சந்தோஷம்.

ஜூலை 9, புதன்

8.1.

நூறு கிராம் குறைவு. ஒரு மாதமாக வட்டம் தினமும் பச்சை. டீச்சரிடம் கைப்பேசியை நீட்டினேன். முப்பது நாள், முப்பது பச்சை. அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிப் பார்த்தார்.

"அழகா இருக்குது சாமி. பசிக்குதுன்னா அழுகுதா?"

"பசிக்காதுங்க டீச்சர். 900 கலோரி போகுதே."

"இந்தா, முட்டை. வாரத்துக்கு ஒண்ணு. மசிச்சுக் குடு."

முட்டை 75 கலோரி. கொடுத்தால் சிவப்பு. தனசேகருக்கு ஆம்லெட் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

தவறு என் அளவில்தான் இருக்க வேண்டும். "அரைக் கிண்ணம்", "ஒரு கரண்டி" எல்லாம் அறிவியல் இல்லை. அவர் கடையிலிருந்து ஒரு சின்ன மின்னணுத் தராசு கொண்டுவந்தார். ஒரு கிராம்வரை காட்டும். இன்று பருப்பு சாதம் 97 கிராம். கஞ்சி சரியாக 100. 103 வந்தது, மூன்று கிராமைக் கரண்டியால் எடுத்துவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

கல்லூரி விடுதியில் என் பெயர் கோகிலவாணி இல்லை, "ரோடு ரோலர்". மூன்று வருடம். மெஸ்ஸில் இரண்டாவது தோசைக்குக் கை நீட்டினால் பின்னால் யாராவது "ர்ர்ர்ர்" என்று வண்டி ஓட்டுவார்கள். பட்டமளிப்பு விழாவில் மேடைக்குப் போகும்போதும் அந்தச் சத்தம் கேட்டது.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. இன்று பச்சை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளியோதரை, தயிர் சாதம். நான்கையும் தேடி, எடை போட்டு, பதிந்து முடிப்பதற்குள் மணி இரண்டரை. மித்து அழுது அழுது தூங்கிவிட்டாள். எழுப்பிக் கொடுத்தேன். கண்ணைத் திறக்காமலே வாயைத் திறந்தாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

7.8.

டீச்சர் இந்த முறை மித்துவைப் பையிலிருந்து எடுத்து, மறுபடி வைத்து, மறுபடி பார்த்தார். 7.8. அட்டையில் புள்ளி பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் இருக்கிற கோட்டின் தலையில் உட்கார்ந்திருக்கிறது.

"அடுத்த மாசமும் எறங்குச்சுன்னா பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துருவேன் கண்ணு. அங்க பதினாலு நாள் வெச்சுப் பாப்பாங்க."

"ஒருவேளை தராசு தப்பா இருக்குமோங்க டீச்சர்?"

"அப்ப மத்த இருவது புள்ளைகளுக்கும் தப்பாத்தான காட்டோணும்?"

அது வாதம். நிரூபணம் இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

அவரை அரை நாள் விடுப்பு போடச் சொல்லி அங்கன்வாடிக்குக் கூட்டிப் போனேன். சோதனைக் கல் பெட்டியோடு வந்தார். டீச்சர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, "பாருங்க தம்பி, ஏழு வருசமா யாருமே பாக்கலீங்க" என்றார்.

தனசேகர் கொக்கியில் இரண்டு கிலோ தொங்கவிட்டார். முள் இரண்டு. ஐந்து மாட்டினார். ஐந்து. ஐந்தும் இரண்டும் ஒன்றும் சேர்த்து மாட்டினார். எட்டு. கழற்றினார், சும்மா ஆட்டினார். முள் திரும்பப் பூஜ்யத்துக்கு வந்து நின்றது.

"தராசு தங்கமாட்ட இருக்குதுங்க" என்றார் டீச்சரிடம்.

பிறகு, கேட்காமலே, மித்துவை வைத்துப் பார்த்தார். 7.8. வீட்டுக்கு வரும் வழியில் ஒரு பேக்கரி முன்னால் வண்டியை நிறுத்தி, என் கண் முன்னாலேயே அவளுக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். நான் கைப்பேசியை எடுக்கவில்லை. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்த விதம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் கஞ்சி ஊட்டும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இதுல எத்தனைன்னு போடுது?"

"385."

"யாரு சொன்னது?"

"ஆப்ல இருக்குதுங்க."

"ஆப்ல யாரு போட்டாங்க?"

"யாரோ ஒருத்தங்க. ஆனா பச்சை டிக் இருக்குது பாருங்க. நானூத்திப் பன்னெண்டு பேரு சரின்னு சொல்லியிருக்காங்க."

"நானூத்திப் பன்னெண்டு பேரும் அளந்து பாத்தாங்களா?"

அடுப்பில் பால் பொங்குவது போல இருந்தது. போய்ப் பார்த்தேன். பொங்கவில்லை. திரும்பி வந்தேன். அவர் விடவில்லை.

"கறிக்கடைக்காரங்க நானூறு பேரு சேந்து வந்து, எங்க தராசெல்லாஞ் சரின்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாலும் நான் கல்லு வெக்காம உடமாட்டேன் கோகிலா. இதுக்கு எவன் கல்லு வெச்சான்?"

"எல்லாத்துக்கும் கல்லு வெக்க முடியுங்களா?"

"சோத்துக்கு வெக்கலாம்ல?"

வேலைக்குப் போய்விட்டார். மதியம்வரை அவர்மேல் கோபமாக இருந்தேன். முந்நூற்று எண்பத்தொன்பதாவது ஆள் அளந்து பார்க்கவில்லை என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும்.

ஆகஸ்ட் 13, புதன்

செய்முறை: வெறும் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கினேன். தினமும் போடுகிற அதே இரண்டு தேக்கரண்டி மாவு. 12 கிராம். தண்ணீர் ஊற்றிக் காய்ச்சி, ஆற வைத்து எடை போட்டேன். கஞ்சி 100 கிராம்.

நூறு கிராம் கஞ்சிக்குள் பன்னிரண்டு கிராம் மாவு. மீதி தண்ணீர்.

மாவுப் பாக்கெட்டைத் திருப்பினேன். பின்பக்கம் கட்டம் போட்டு எழுதியிருந்தது: 100 கிராமுக்கு 385 கலோரி. மாவுக்கு. நூறு கிராம் மாவுக்கு. யாரோ ஒருத்தி பாக்கெட்டைப் பார்த்து எண்ணை எழுதிவிட்டு, மேலே "கஞ்சி" என்று பெயர் வைத்திருக்கிறாள். அவளும் ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டுதான் எழுதியிருப்பாள். பிறகு நாங்கள் எல்லோரும் வரிசையாக வந்து ஆமாம் என்று தட்டினோம்.

கல்லூரி ஆய்வகத்தில் ஹேமலதா என்று ஒருத்தி. முதல் பெஞ்ச். அவளுடைய டைட்ரேஷன் அளவைத்தான் வகுப்பே பார்த்து எழுதும். ஒரு நாள் அவள் பியூரெட்டையே தப்பாகப் படித்துவிட்டாள். முப்பத்தெட்டுப் பேருக்கும் அதே தப்பு எண். எல்லோருடையதும் ஒத்துப்போகிறதே என்று மேடம் முழு மதிப்பெண் போட்டார். அன்று விடுதிக்குப் போய் விழுந்து விழுந்து சிரித்தோம்.

கணக்கு: 12 கிராம் மாவுக்கு 46 கலோரி. 385 என்று பதிந்தேன். ஒரு நாளைக்கு 339 குறைவு. ஜூன் 10-இலிருந்து நேற்றுவரை அறுபத்து நான்கு நாள். பெருக்கினேன். விடையை இங்கே எழுதவில்லை.

நான் குறைத்த பதினோரு கிலோவும் ஏன் குறைந்தது என்று இப்போது புரிகிறது. மார்ச்சில் பால் ஏன் நின்றது என்பதும். அது வேறு விஷயம் இல்லை.

மணி பதினொன்று. மித்து அழ ஆரம்பித்தாள். பல் இல்லை.

முட்டை வேக வைத்து, மசித்து, நெய் விட்டுக் கொடுத்தேன். முழுசும் தின்றாள். வாழைப்பழம் கொடுத்தேன். முழுசும். இன்னும் வாயைத் திறந்தாள். இட்லி ஒன்று. அதில் பாதியைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனாள். மூன்று மணி நேரம். இரண்டு முறை மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அவரிடம் சொன்னேன். முழுவதும். முட்டை ஆம்லெட் உட்பட. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை எடுத்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நான் தினமும் வர்க்கி குடுத்தேன்" என்றார்.

"தெரியுங்க."

"எத்தனை தடவை சொல்லோணும்னு நெனச்சேன் தெரியுமா. நீ படிச்சவ, உனக்குத் தெரியும்னு இருந்துட்டேன்."

அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 16, சனி

ஆரம்ப சுகாதார நிலையம். டாக்டர் இளம்பெண், என் வயதுதான் இருக்கும். இரத்தம் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். நோய் ஒன்றுமில்லை, இரும்புச் சத்து சொட்டு மருந்து எழுதித் தருகிறேன், நன்றாகச் சாப்பாடு கொடுங்கள் என்றார். "எவ்வளவுங்க கொடுக்கணும்?" என்று கேட்டேன். பேனாவைத் தயாராக வைத்திருந்தேன்.

"கேக்கற வரைக்கும்."

அதை எழுதிக்கொண்டேன். அலகு எதுவும் இல்லாமல்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஜாஸ்மினிடம் போய்ச் சொல்வதற்கு நான்கு நாள் ஆனது. ரயானுக்கும் இதே கஞ்சிக் கணக்குதானே, என்னால்தானே. அவள் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டேன்.

"ஜாஸ்மின், அந்த ஆப்ல கஞ்சிக் கணக்கு தப்பு. நான் சொன்னதைக் கேட்டு ரயானுக்கு ஏதாச்சும் கொறச்சுட்டியா?"

அவள் முகம் மாறியது. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அவங் கேட்டாக் குடுத்துருவேங்க்கா. மனசு கேக்காது. அப்புறம் ஆப்ல கம்மியா எழுதி வெச்சுருவேன். செவப்பு வந்தா நீங்க சத்தம் போடுவீங்கன்னு."

"தினமுமா?"

"ஒரு நாள் மீன் வறுவலைக் கேரட்டுன்னு எழுதுனேன்."

ஜூன் 9-க்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. அவள் மித்துவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தோசைக் கல்லைப் பற்ற வைத்தாள்.

ஆகஸ்ட் 20, புதன்

செயலிக்கு எழுதினேன். "385 என்பது மாவுக்கு. காய்ச்சிய கஞ்சிக்கு 46. எடை போட்ட படம் இணைத்திருக்கிறேன்." உடனே பதில் வந்தது: தங்கள் பங்களிப்புக்கு நன்றி, தங்கள் தகவல் புதிய பதிவாகச் சேர்க்கப்பட்டது, போதுமான பயனர்கள் உறுதி செய்ததும் முன்னுக்கு வரும். ஐந்து நட்சத்திரம்.

தேடிப் பார்த்தேன். என் கஞ்சி பட்டியலில் முப்பத்தோராவது. உறுதி செய்தவர்: 0. பழைய கஞ்சி முதலிடத்தில், டிக்கோடு. 419 பேர். ஒரு வாரத்தில் ஏழு பேர் கூடியிருக்கிறார்கள். ஏழு வீட்டிலும் பிள்ளை இருக்கிறதா, ஜாஸ்மின் மாதிரி அம்மா இருக்கிறாளா என்று தெரியவில்லை. நான் தட்டியதைத் திரும்ப எடுக்க வழி தேடினேன். அப்படி ஒரு பொத்தான் இல்லை.

ஜாஸ்மினைக் கூப்பிட்டேன்.

"இதை உறுதி பண்ணணும் ஜாஸ்மின்."

"குடுங்க்கா, இப்பவே தட்டிர்றேன்."

"தட்டாத. முதல்ல மாவை எடை போடு."

"நீங்கதான் போட்டுட்டீங்களே?"

"நீ போடு."

அவள் கஞ்சி காய்ச்ச ஒரு மணி நேரம் ஆனது, நடுவில் ரயான் மாவைத் தலையில் கொட்டிக்கொண்டான். அவளுக்கு 49 வந்தது. அவள் கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சுவாள். பரவாயில்லை. பிறகு தட்டினாள்.

உறுதி செய்தவர்: 1.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அங்கன்வாடி அம்மாக்கள் வாட்ஸாப் குழுவில் போட்டேன். மாவுப் படம், கஞ்சிப் படம், கணக்கு. பதினெட்டுப் பேர் கட்டைவிரல் காட்டினார்கள். எடை போட்டவர் யார் யார் என்று கேட்டேன். குழு அமைதியாகிவிட்டது. டீச்சர் மட்டும் குரல் பதிவு அனுப்பினார்: "திங்கக்கெழம எல்லாரும் சின்னத் தராசு இருந்தா எடுத்துட்டு வாங்க, இங்கயே காய்ச்சிப் பாத்தரலாம்."

திங்கட்கிழமை எங்கள் தராசு ஒன்றுதான் போகும். போதும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

துணிப்பைக்குள் மித்துவை வைக்கும்போது நான் வெளியே போய் நின்றுகொண்டேன். செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்தேன். பதினொரு ஜோடி.

"கோகிலா, உள்ள வா கண்ணு."

8.2.

மூன்று மாதம் கழித்து, புறப்பட்ட இடம். அட்டையில் வளைவு கீழே இறங்கி மேலே ஏறியிருக்கிறது. அந்தப் பள்ளம் அட்டையில் அப்படியேதான் இருக்கும். டீச்சர் பேனாவால் அதன்மேல் ஒரு முறை தடவினார், ஒன்றும் எழுதவில்லை. முட்டை கொடுத்தார்.

சாயங்காலம் பருப்பு சாதம் ஊட்டினேன். கிண்ணத்தில் எவ்வளவு இருந்தது என்று தெரியாது. எங்கள் சின்னத் தராசு இன்னும் அங்கன்வாடியில்தான் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வாய் வாங்கியிருப்பாள். அடுத்த வாய்க்கு உதட்டை மூடிக்கொண்டாள். கரண்டியை மறுபடி நீட்டினேன். என் கையைத் தள்ளிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு, சுவரில் இருந்த பல்லிக்குக் கை ஆட்டினாள்.

கிண்ணத்தில் மூன்று கரண்டி மீதி. இத்தனை மாதத்தில் இதுதான் முதல்முறை.

அவர் வேலை முடிந்து வந்ததும் கிண்ணத்தைக் காட்டினேன். இருவரும் சமையலறையில் நின்றுகொண்டு அதைப் பார்த்தோம். பிறகு அந்த மூன்று கரண்டியையும் நானே சாப்பிட்டேன். எங்கும் பதியவில்லை.